அரிய ஸ்லிப்பர் ஆர்க்கிட் வாங்குமுன் ஒரு கேள்வி

செருப்பின் முன்பகுதி மாதிரி பை போன்ற இதழ் உள்ள ஸ்லிப்பர் ஆர்க்கிட்டை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, என்ன உரம் போடணும், எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடணும் என்றுதான். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் இந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள், அதுவும் அரிய இனம் என்றால் கேட்காமல் காசை எடுக்கவே எடுக்காதீர்கள்.

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்டைத் திசு வளர்ப்பில் ஆயிரக்கணக்கில் பெருக்கிவிடலாம். ஸ்லிப்பர் ஆர்க்கிட் பேரினமான பாஃபியோபெடிலம் அதற்கு அவ்வளவு சுலபத்தில் மசியாது. விதை போட வேண்டும், இல்லையென்றால் வளர்ந்த தூரைப் பிரித்து நட வேண்டும். விதையோ தூசி மாதிரி, உள்ளே சேமித்த உணவு எதுவும் கிடையாது, காட்டில் பூஞ்சையின் துணை இருந்தால்தான் முளைக்கும். அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் 1922இல் சர்க்கரை கலந்த அகாரில் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழில்) பூஞ்சை இல்லாமலே ஆர்க்கிட் விதைகளை முளைக்க வைத்துக் காட்டினார், இன்றைய குடுவைக் கன்றுகளெல்லாம் அந்த வழியில் வந்தவைதான். முளைத்த பிறகும் பொறுமை வேண்டும். போர்னியோ தீவில் கினபாலு மலையில் வளரும் ரோத்ஸ்சைல்டியானம் என்ற பாஃபியோபெடிலம் இனம் பூக்கப் பத்து வருடத்துக்கு மேலேகூட ஆகலாம்.

அவ்வளவு காலம் காத்திருக்க மனமில்லாமல்தான் காட்டில் போய்ப் பிடுங்குகிறார்கள். வியட்நாமென்ஸ் என்ற இன்னொரு பாஃபியோபெடிலம் இனத்துக்கு 1999இல்தான் பெயரே வைத்தார்கள், கொஞ்ச வருடத்திலேயே காட்டில் அதைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. அகத்தியமலைப் பகுதியில் மட்டுமே இயற்கையாக வளரும் ட்ரூரியை என்ற இனம், மஞ்சள் பூவில் கரும்பழுப்புக் கோடு ஓடும் அந்த அழகியும் இப்படித்தான் அழிவின் விளிம்புக்குப் போனது. பாஃபியோபெடிலம், ஃப்ராக்மிபீடியம் என்ற இரண்டு ஸ்லிப்பர் ஆர்க்கிட் பேரினங்களுமே, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன, அதாவது காட்டுச் செடிகளை நாடு விட்டு நாடு விற்கக் கூடாது.

காட்டுச் செடி பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். இலையெல்லாம் பழைய பூச்சிக்கடி, கீறல், சில சமயம் பாசி படிந்த கறை, வேர் பாதியில் அறுந்திருக்கும். விதைக்கன்றின் இலைகள் சுத்தமாக, ஒரே சீராக விரிந்திருக்கும், கூடவே பெற்றோர் செடிகளின் பெயர் எழுதிய அட்டையும் இருக்கும்.

சரி, வளர்ப்புக்கு வருவோம். இவற்றுக்குத் தண்ணீர் சேமிக்கும் போலிக்குமிழ் கிடையாது, அதனால் வேர்ப்பகுதி முழுதாகக் காயவே கூடாது, தண்ணீர் தேங்கியும் நிற்கக் கூடாது. குருத்தில் தண்ணீர் நின்றால் அழுகல் வந்து ஒரே வாரத்தில்கூடச் செடி போய்விடும். தொட்டியில் மண்ணுக்குப் பதில் போடும் மரப்பட்டைத் துண்டுகள் மக்க ஆரம்பித்தால் வேருக்குக் காற்று போகாது, ஆகவே வருடத்துக்கு ஒருமுறை புதுக் கலவைக்கு மாற்றுங்கள், இதில் மட்டும் சோம்பலே கூடாது. சுண்ணாம்புப் பாறையில் வளரும் நீவியம், பெல்லாட்டுலம் போன்றவற்றுக்குக் கிளிஞ்சல் தூள் கொஞ்சம் சேர்க்கலாம். நேர்வெயில் வேண்டாம், உரம் போட்டால் மிகவும் நீர்க்கக் கரைத்துப் போடுங்கள்.

ஒரு குருத்து ஒருமுறைதான் பூக்கும். பூத்ததோடு அதை வெட்டிவிடாதீர்கள், பக்கத்தில் வரும் புதுக் குருத்துகளுக்கு அதுதான் ஆதாரம்.

சேகரிப்பைப் பற்றி என் கருத்து இது: பத்து இனத்தில் ஒவ்வொரு செடி வைப்பதைவிட, ஒரே இனத்தில் வெவ்வேறு விதைவழி வந்த மூன்று நான்கு செடிகள் வைப்பது மேல். அப்போதுதான் ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றில் வைத்து நல்ல விதை எடுக்க முடியும். காய் முற்றி வெடிக்கும் முன்பே அறுத்து, குடுவையில் விதைத்துத் தரும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கன்றுகள் வந்ததும் அதே இனம் வளர்க்கும் மற்றவர்களுக்கும் கொடுங்கள், பெயரட்டையோடு.