கரி பிளேட்டில் வந்தது

மார்ச் 10, 2025, திங்கள்

நாமக்கல் பக்கத்துக் கறிக்கடைகளிலிருந்து பிராய்லர் கழுத்துத் தோலும் குடலும் ஐஸ் பெட்டியில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தன. கூடவே ஆஸ்பத்திரியிலிருந்து வயிற்றுப்போக்குக்காரர்களின் மல சாம்பிள்கள். சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமியைத் தேட, 25 கிராம் தோலை 225 மி.லி. பெப்டோன் நீர் என்ற வளர்ப்புத் திரவத்தில் போட்டு 37 டிகிரியில் வைத்தேன். குளிரில் அடிபட்ட கிருமி முதலில் தேற வேண்டும்.

கேம்பைலோபாக்டர் என்ற இன்னொரு வயிற்றுப்போக்குக் கிருமிக்கு இதெல்லாம் ஆகாது. கரி கலந்த அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) பிளேட், 42 டிகிரி, மூடிய ஜாடி, உள்ளே ஆக்சிஜனைக் குறைக்கும் கேஸ் பாக்கெட். ஆக்சிஜன் 5 சதவீதம் இருந்தால் போதும். கோழியின் உடல் சூடே கிட்டத்தட்ட அவ்வளவு என்பதால் 42 அதற்குச் சொந்த வீடு. மல சாம்பிள்களையும் இதே ஜாடியில் வைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

பெப்டோன் நீர் கலங்கியிருந்தது. சால்மோனெல்லாவுக்குச் சாதகமான ராப்பபோர்ட் திரவத்துக்கு மாற்றியாயிற்று. ஜாடியைத் திறந்து பார்க்கக் கை துறுதுறுத்தது. திறக்கவில்லை.

மார்ச் 12, புதன்

ஜாடியைத் திறந்தேன். கேம்பைலோபாக்டர் மாதிரியே ஈரமாக, சாம்பல் நிறத்தில் பரவிய காலனிகள். கோழிக் குடலில் எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒரு சிறுவனின் பிளேட்டிலும்! 'நோய்க்கிருமி வளரவில்லை' என்று அவனுக்கு ஏற்கெனவே ரிப்போர்ட் போயிருக்கிறது. அது பொய்யும் இல்லை. சால்மோனெல்லா, ஷிகெல்லாவை மட்டும் தேடி, சாதாரணக் காற்றில் வைத்த பிளேட்டில் இது எங்கே வளரும்? 1977-இல் இங்கிலாந்தின் மார்ட்டின் ஸ்கிரோ, ஆன்டிபயாடிக் கலந்த அகாரில் மலத்திலிருந்து நேரடியாக வளர்த்துக் காட்டிய பிறகுதான் பல ஆய்வகங்கள் இதைத் தேடவே ஆரம்பித்தன. ரிப்போர்ட்டில் எதைத் தேடினோம் என்றும் எழுதினால் குறைந்தா போய்விடுவோம்?

ஸ்லைடில் சிறுபிள்ளை வரையும் பறவை மாதிரி வளைந்த கோடுகள். சஃப்ரனின் சாயம் மங்கலாகவே ஏறும். கார்பால் ஃபுக்சின்தான் சரி.

மார்ச் 13, வியாழன்

கேம்பைலோபாக்டரின் இனத்தைப் பிரித்துக் காட்டும் ஹிப்புரேட் சோதனையில் சிறுவனுடையது ஊதாவானது. ஜெஜுனி என்ற இனம். கோழியுடையவற்றிலும் பெரும்பாலும் அதுவே. நிறம் வராத ஒன்று கேம்பைலோபாக்டர் கோலி என்ற இனமாக இருக்கலாம். ஹிப்புரேட்டுக்கு மசியாத ஜெஜுனியும் உண்டு என்பதால் பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன்.

தோல் சாம்பிள் ஒன்றில் நடுவில் கறுத்த சிவப்புக் காலனி. சால்மோனெல்லாவாக இருக்கலாம்.

மார்ச் 14, வெள்ளி

அந்தக் காலனி, சால்மோனெல்லாவின் ஒரு குழுவை அடையாளம் காட்டும் ஓ9 சீரத்தில் திரண்டது. கோழி டைஃபாய்டு தரும் சால்மோனெல்லா கேலினாரமும் இதே குழுதான், ஆனால் அது நகராது. இது நன்றாகவே நகர்கிறது. அடுத்து, எந்த வகை என்று பார்க்க எச் சீரம்.

"அப்ப பையனுக்குக் கோழியிலிருந்துதான் வந்திருக்கு, எழுதிடலாமா?" என்றார் உடன் வேலை பார்ப்பவர். ஜெஜுனி எத்தனையோ பண்ணைகளில், நோயே காட்டாத கோழிகளின் குடலில் இருக்கிறது. இனம் ஒன்று என்பதால் மூலம் ஒன்றாகிவிடாது. பையனுடைய கிருமி, கோழியுடைய கிருமி இரண்டின் டி.என்.ஏ.வையும் ஏழு மரபணு ஒப்பீட்டுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். அதுவரை ரிப்போர்ட்டில் இனத்தின் பெயர் மட்டும்.