ஃப்ளேர் டப்பாவைத் திறந்து பார்த்தோம்

நீண்ட பயணம் கிளம்புவதற்கு முன்னால் படகில் எஞ்சின் எண்ணெய், அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்ப், லைஃப் ஜாக்கெட் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவேன். ஆபத்தில் உதவி கேட்டு எரிக்கும் தீச்சமிக்ஞைகள், அதாவது ஃப்ளேர்கள், இருக்கும் டப்பாவை மட்டும் இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி, மூடியைத் திறந்ததில்லை. இந்த முறை என் மகள் திறந்தாள். டார்ச் அடித்து ஒவ்வொன்றிலும் இருந்த மாதத்தையும் வருஷத்தையும் அவள் வாசிக்க, நான் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "அப்பா, இதுல தேதியே தெரியலையே" என்றாள்.

கையில் பிடித்து எரிக்கும் சிவப்பு ஃப்ளேர் அது. அடிப்பக்கம் துரு பூத்திருந்தது. ஈரத்தில் லேபிள் மை கரைந்து, தேதி இருந்த இடத்தில் நீலமாக ஒரு தீற்றல்தான் மிச்சம். டப்பா மூடியின் ரப்பர் வளையம் வெடித்துப் போயிருந்தது. உப்புக் காற்று எத்தனை மாதமாக உள்ளே போய்க்கொண்டிருந்ததோ தெரியாது. மொத்தம் 10 இருந்தன. 6 காலாவதி, ஒன்றில் தேதி இல்லை, நம்பி வைத்துக்கொள்ளக்கூடியவை 3 மட்டும். இதை நம்பித்தான் போன பருவம் முழுக்க குடும்பத்தோடு கடலில் இருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

தேதி தாண்டிவிட்டால் எரியவே எரியாது என்றில்லை. பற்றாமல் போகலாம், பற்றினாலும் மங்கலாக எரியலாம், கையில் பிடித்திருக்கும்போதே தாறுமாறாக எரிந்து உருகிய துளி தெறிக்கலாம். எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதுதான் பிரச்சினை.

சரி, புதிதாக வாங்கிவிடலாம் என்று அவசரமாக ஆர்டர் செய்தேன். வந்து சேர்ந்ததைப் பார்த்தால் இரண்டில் ஆயுள் ஒரு வருஷத்துக்கும் குறைவு. ஃப்ளேரின் ஆயுள் பெரும்பாலும் 3 வருஷம், சிலவற்றுக்கு கொஞ்சம் கூடுதல், ஆனால் அது தயாரித்த மாதத்திலிருந்து ஓட ஆரம்பித்துவிடுகிறது, நாம் காசு கொடுத்த நாளிலிருந்து இல்லை. கடை அலமாரியில் கிடந்த காலமும் நம் கணக்கில்தான் கழிகிறது. திருப்பி அனுப்பவும் எளிதில்லை, வெடிபொருள் வகையில் வருவதால் சாதாரண அஞ்சலில் போடக்கூடாது, விமானத்திலும் எடுத்துப்போக முடியாது. அடுத்த முறை காலாவதி மாதத்தைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான் பணம் கட்டினேன்.

என்ன வாங்குவது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) தரத்துப் பாராசூட் ராக்கெட் குறைந்தது 300 மீட்டர் மேலே போய், 30,000 கேண்டெலா வெளிச்சத்தில் 40 வினாடி எரிந்துகொண்டே இறங்கும். தூரத்தில் இருப்பவர் கண்ணில் படுவதற்கு அது. கையில் பிடிப்பது 15,000 கேண்டெலா, ஒரு நிமிஷம். தேடி வருகிறவர் பக்கத்தில் வந்த பிறகு நாம் இருக்கும் இடத்தைக் காட்டுவதற்கு. பகலில் ஆரஞ்சுப் புகை, மிதக்கும் வகை 3 நிமிஷம் வரும். எல்லாமே சில வினாடிகளோ ஓரிரு நிமிஷமோதான், அதனால் பார்க்க ஆள் இருக்கும்போதுதான் கொளுத்த வேண்டும். வெள்ளை ஃப்ளேர் மோதலைத் தவிர்க்க எச்சரிக்கை காட்டுவதற்கானது, அதை அபாயக் கணக்கில் சேர்க்கக்கூடாது. மின்கல எல்.இ.டி. விளக்கும் ஒன்று வைத்திருக்கிறேன், ஆனால் ஃப்ளேருக்குப் பதிலாக அதை எல்லா நாடுகளும் ஏற்பதில்லை.

உண்மையில் அதிக நாள் பிடித்தது பழையதை ஒழிப்பதுதான். குப்பையில் போடக்கூடாது, கடலில் எறியக்கூடாது. சும்மா ஏவித் தீர்த்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார், நான் மறுத்துவிட்டேன். சிவப்பு ஒளியைப் பார்த்து ஒரு மீட்புப் படகு கிளம்பினால், அதே நேரத்தில் நிஜமாகவே தத்தளிக்கிறவரிடம் யார் போவார்கள்? பல நாடுகளில் அது குற்றமும்கூட. விற்ற கடை திரும்ப வாங்க மறுத்தது. தீயணைப்பு நிலையத்தில் வேறொரு எண் கொடுத்தார்கள், அங்கே வேறொரு எண். கடைசியில் உயிர்காப்புத் தெப்பங்களைச் சர்வீஸ் செய்யும் இடம் ஒன்றில் கேட்டேன். தெப்பத்துக்குள் இருக்கும் ஃப்ளேர்களை அவர்கள் அடிக்கடி மாற்றுவதால் பழையதைக் கொடுக்க வழி வைத்திருந்தார்கள். முன்கூட்டி நேரம் வாங்கி, மூடிகளைக் கழற்றாமல், வெயில் படாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீங்கள் வாங்கும் இடத்திலேயே, காலாவதியானதைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள், இந்த அலைச்சல் மிச்சமாகும்.

பழையதில் ஒன்றிரண்டைக் கூடுதலுக்கு வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இருட்டில், படகு ஆடும்போது கை எதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

அப்புறம் ஒரு மாலை முழுக்க, ஃப்ளேர்களின் மூடியைத் திறக்காமலே அவற்றைக் கொளுத்தும் முறையைப் பழகினோம். ஒரு வகையில் கயிற்றை இழுக்க வேண்டும், இன்னொன்றில் அடிப்பகுதியைத் திருகித் தட்ட வேண்டும். இரண்டும் கலந்து இருந்தது சரியில்லை என்று பட்டதால் இனி ஒரே வகைதான் வாங்குவேன். தோல் கையுறையையும் அதே டப்பாவில் போட்டுவிட்டோம். காற்று போகும் பக்கமாக, படகுக்கு வெளியே கையை நீட்டிப் பிடிக்க வேண்டும் என்பதை மகள் இப்போது கேட்காமலே சொல்கிறாள். ராக்கெட் காற்றை எதிர்த்துத் திரும்பும் என்பதால், நேர் மேலே இல்லாமல் காற்று போகும் திசையில் சற்றுச் சாய்த்து ஏவ வேண்டும் என்பதுதான் அவளுக்கு விநோதமாக இருந்தது, இரண்டு முறை விளக்கினேன்.

டப்பாவுக்குப் புது ரப்பர் வளையம் போட்டாயிற்று. எல்லாம் ஒரே மாதத்தில் காலாவதி ஆகாதபடி இரண்டு தொகுதியாகப் பிரித்து வாங்கியிருக்கிறேன். மூடியின் உள்பக்கம் இரண்டு தேதிகளையும் அழியாத மையில் மகள் எழுதினாள். மூன்று மாதம் முன்னாலேயே போனில் நினைவூட்டல் வரும். இந்த வாரம் இ-பெர்ப் (ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக நம் இடத்தைத் தெரிவிக்கும் கருவி) மின்கலத்தின் தேதியைப் பார்க்க வேண்டும், படகு மூழ்கினால் அந்தக் கருவியைத் தானாகக் கழற்றிவிடும் தானியங்கி விடுவிப்பானுக்குத் தனியாக இரண்டு வருஷக் கணக்கு இருக்கிறது.