ஒற்றை இருக்கை, பழைய அலுமினியம்

அமெரிக்காவில் ஒரு விமானத்தைத் தன் பெயரில் பதிவு செய்ய வேண்டுமானால் குடியுரிமையாவது இருக்க வேண்டும், கிரீன் கார்டாவது இருக்க வேண்டும். இன்ஜின் இல்லாத கிளைடருக்கும் இதே விதிதான். எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர் பறக்கக் கற்கலாம், உரிமம் வாங்கலாம், கிளப்பின் கிளைடரில் வார இறுதிதோறும் ஏறலாம். சொந்தமாக ஒன்று வாங்கித் தன் பெயரை எழுதிக்கொள்ள மட்டும் முடியாது. அதனால்தான் கிரீன் கார்டு கைக்கு வந்ததும், கூட வேலை பார்ப்பவர்கள் எந்தப் பக்கம் வீடு வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, நான் விற்பனைக்கு வந்திருக்கும் பழைய கிளைடர்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில். கிளைடர்காரர்களுக்கு இந்த மாநிலம் நன்றாகத் தெரியும். உலகப் போட்டிகள் 1970-இல் இங்கே மார்ஃபாவில் நடந்தன, 1991-லும் 2012-லும் யுவால்டியில் நடந்தன. கோடையில் தரை சூடேறி, தெர்மல் என்கிற வெப்பக் காற்று தூணாக எழும்பும். அதற்குள் வட்டமிட்டபடியே மேலே ஏறிவிடலாம். வந்த புதிதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாம் ஒரே அலுவலகத்துக்காரர்கள். தமிழ்ச் சங்க விழாவுக்குப் போனாலும் பாதிப் பேர் அதே ஆட்கள்தான். நகரத்துக்கு வெளியே ஒரு புல்தரை ஓடுபாதையில் கிளப் ஒன்று இயங்குவதைக் கேள்விப்பட்டுப் போனேன். போன அன்றே என் கையில் ஒரு இறக்கை நுனியைக் கொடுத்து, "இதைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுங்கள்" என்றார்கள். கிளைடர் ஒற்றைச் சக்கரத்தில் நிற்பது. கயிறு கட்டி மேலே இழுத்துச் செல்லும் இழுவை விமானம் வேகமெடுக்கும்வரை யாராவது இறக்கையைச் சமமாகப் பிடித்து ஓட வேண்டும். பெயரைக் கேட்பதற்கு முன்பே வேலை கொடுத்த அந்த இடம் எனக்கு உடனே பிடித்துவிட்டது.

பயிற்சி எல்லாம் ஷ்வைசர் 2-33 என்ற இரட்டை இருக்கை கிளைடரில். தனியாகப் பறக்கத் தொடங்கியதும் 1-26. இரண்டுமே நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் ஷ்வைசர் சகோதரர்கள் நடத்திய நிறுவனத்தில் செய்தவை. 1-26 முதன்முதலாகப் பறந்தது 1954-இல். ஏறத்தாழ 700 செய்திருக்கிறார்கள், இன்றும் அந்த ஒரே ரகத்துக்கென்று தனிப் போட்டி நடக்கிறது. இறக்கை நுனிக்கு நுனி 12 மீட்டர்தான். மெல்லிய தெர்மலில்கூட நெருக்கி வட்டமிடும். அதன்மீது எனக்கு எந்தக் குறையும் கிடையாது. ஆனால் அதன் சறுக்கு விகிதம் 23-க்கு 1. காற்றே இல்லாத நாளில் 1000 மீட்டர் உயரத்திலிருந்து 23 கிலோமீட்டர் போகலாம், அவ்வளவுதான். டெக்சாஸில் தெற்கிலிருந்து காற்று வீசாத நாள் குறைவு. எதிர்காற்றில் வேகத்தைக் கூட்டினால் 1-26 மளமளவென்று கீழே இறங்கும். ஓடுபாதையைக் கண்ணில் வைத்தபடியே எத்தனை நாள் சுற்றுவது?

அடுத்த படி என்றதும் கிளப்பில் பாதிப் பேர் கண்ணாடியிழைக் கிளைடரைச் சொன்னார்கள். அழகானவைதான், சறுக்கு விகிதமும் அதிகம். ஆனால் பழசாகும்போது மேலே பூசிய ஜெல்கோட் வெடிப்பு விடத் தொடங்கும். அதைச் சுரண்டி மறுபடி பூசும் செலவு சில நேரம் கிளைடரின் விலையையே எட்டிவிடும். வெயிலிலும் மழையிலும் வெளியே விட முடியாது. ஹேங்கர் என்ற விமானக் கொட்டகையின் வாடகை, பிள்ளைகள், ஊருக்குப் போகும் டிக்கெட் என்று கணக்குப் பார்க்கிற குடும்பத்துக்கு அலுமினியமே சரி என்பது அன்றும் இன்றும் என் உறுதியான கருத்து. உலோகம் அடி வாங்கியிருந்தால் பெரும்பாலும் வெளியிலேயே காட்டிவிடும். பழைய பொருளை வாங்குகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

நான் பார்த்துப் பிடித்தது ஷ்வைசர் 1-34. 1969-இல் முதலில் பறந்த ரகம், மொத்தமே நூற்றுக்கும் குறைவாகத்தான் செய்தார்கள். 15 மீட்டர் இறக்கை, சறுக்கு விகிதம் 34-க்கு 1. அதே 1000 மீட்டரிலிருந்து 34 கிலோமீட்டர். அந்தக் கூடுதல் 11 கிலோமீட்டருக்குள் அடுத்த மேகமும் வந்துவிடும், அவசரத்துக்கு இறங்க நல்ல வயலும் வந்துவிடும்.

விற்றவர் பக்கத்து மாநிலத்தில் இருந்த, எண்பதை நெருங்கிய ஓய்வுபெற்ற பொறியாளர். எங்கள் கிளப்பின் மெக்கானிக்கும் என்னோடு வந்தார். ஆண்டுச் சோதனையில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர் அவர். அவரிடம் அன்று நான் கற்றதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் டார்ச்சை இறக்கையின் மேல் தகட்டோடு ஒட்டிப் படுக்கவைத்து ஒளி பாய்ச்சினார். தகட்டில் சுருக்கம் இருந்தால் நிழல் அலையலையாக விழும். உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளின் வரிசைகள். ரிவெட்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு ஒழுகியிருந்தால் அது தளர்ந்து, பறக்கும்போது உரசிக்கொண்டிருக்கிறது. இணைப்புகளில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அலுமினியம் அரித்துப்போகிறது. சக்கரத்தைச் சுற்றியுள்ள அடிப்பகுதியில் வேகமாக மோதி இறங்கிய தடயம் உண்டா என்று படுத்தே பார்த்தார். கட்டுப்பாட்டுக் கம்பிவடங்கள் கப்பிகளைத் தாண்டும் இடங்களில் ஒரு துணியால் வழித்தார்; ஒரு இழை அறுந்திருந்தாலும் துணி சிக்கும். கடைசியாக வாலுக்குள் எலிக்கூடு இருக்கிறதா என்று பார்த்தார். எலியின் சிறுநீர் அலுமினியத்தைத் தின்றுவிடும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

அதன்பின் லாக் புக், அதாவது கிளைடரின் பறப்பையும் பழுதையும் எழுதிவைக்கும் பதிவேடு. 2010 ஜூனில் ஆஸ்திரியாவில் எல்-13 பிளானிக் என்ற உலோகக் கிளைடரின் இறக்கை பறக்கும்போதே முறிந்தது, உலோகச் சோர்வு காரணமாக, அதாவது திரும்பத் திரும்ப வளைந்து உலோகம் பலமிழந்ததால். அந்த ரகம் முழுவதையுமே பறக்கவிடாமல் நிறுத்தினார்கள். எத்தனை மணி நேரம் பறந்தது, எந்தெந்த அரசு உத்தரவுகளை நிறைவேற்றினார்கள் என்ற பதிவு இல்லாத உலோகக் கிளைடர் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். இந்தப் பெரியவர், நாங்கள் கேட்பதற்கு முன்பே ஒரு பக்கத்தைத் திறந்து, பல ஆண்டுகளுக்கு முன் அடிவாங்கிய தகட்டையும் அதைச் சரிசெய்த படிவத்தையும் காட்டினார். பத்தாயிரம் டாலரை ஒட்டிய விலை சொன்னார், ட்ரெய்லரோடு சேர்த்து. நான் பேரம் பேசவில்லை.

வீட்டில் பேச்சு இவ்வளவு எளிதாக இல்லை. "என்னங்க, கூட நானோ பாப்பாவோ உட்காரவே முடியாத ஒண்ணுக்கா இவ்வளவு பணம்?" என்று கேட்டாள் மனைவி. நியாயமான கேள்வி. உறவுகள் எல்லாம் கடலுக்கு அப்பால் இருக்கும்போது, எனக்கு ஏதாவது ஆனால் அவள் யாரைக் கூப்பிடுவாள் என்பது அதற்குள் இருந்த கேள்வி. ஆயுள் காப்பீட்டை முதலில் ஒழுங்கு செய்தோம். விமானம் ஓட்டுவது பற்றிக் கேட்கும் கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதினோம், கட்டணம் கொஞ்சம் கூடியது. பிறகு அவளை ஓடுபாதைக்கு அழைத்துப் போனேன். ட்ரெய்லரிலிருந்து எடுத்துக் கிளைடருக்கு இறக்கைகளைப் பொருத்தும்போது ஒருவர் இறக்கையின் அசையும் பகுதியைக் கையால் அழுத்திப் பிடிக்க, உள்ளே இருப்பவர் குச்சியைத் தள்ளி இணைப்பு உறுதியா என்று பார்க்க வேண்டும். பிடிப்பவள் அவள். ஒரு இருக்கைதான், ஆனால் அதைப் பறக்கவிட நாலைந்து பேர் வேண்டும். அந்த நாலைந்து பேரையும் அவள் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியதும் அந்தக் கேள்வி மறுபடி எழவில்லை.

பதிவுப் படிவத்தில் வெளிநாட்டுக் குடியிருப்பாளர் என்ற கட்டத்தைக் குறித்து, அதன் பக்கத்தில் கிரீன் கார்டு எண்ணை எழுத வேண்டும். கட்டணம் 5 டாலர். விமானப் பதிவகம் இருக்கும் ஓக்லஹோமா சிட்டிக்கு அனுப்பினேன்.

முதல் பறப்புக்குப் பயிற்றுநர் கூட வர முடியாது, இருக்கையே ஒன்றுதானே. கையேட்டைப் படித்து, கனோபி என்ற கண்ணாடி மூடியை மூடி உள்ளே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு எந்த நெம்புகோல் எங்கே என்று தொட்டுத் தொட்டுப் பழகினேன். 2000 அடியில் கயிற்றை விட்டதும் 1-26-க்குப் பழகிய கைக்கு முதலில் தெரிந்தது அமைதி. வேகம் கூட்டினாலும் இரைச்சல் குறைவு, உயரமும் மெதுவாகவே குறைகிறது. அதனாலேயே இறங்கும்போது கவனம் வேண்டும். வழக்கமான இடத்தில் திரும்பினால் ஓடுபாதைக்கு மேலேயே உயரமாக நிற்போம். வேகத் தடுப்புத் தகடுகளை முன்கூட்டியே திறக்க வேண்டும்.

இப்போது கிளைடர் ஓட்டிகளின் தகுதிப் படிகளில் ஒன்றான வெள்ளிப் பதக்கத்துக்கான 50 கிலோமீட்டர் பறப்புக்குத் திட்டமிடுகிறேன். புறப்பட்ட உயரத்துக்கும் முடித்த உயரத்துக்கும் வித்தியாசம் 500 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பதால், எங்கே கயிற்றை விடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வழியில் வயலில் இறங்க நேர்ந்தால் ட்ரெய்லரோடு வர கிளப்பில் இரண்டு பேர் சொல்லிவைத்திருக்கிறார்கள். வண்டியை நானே ஓட்டி வருகிறேன் என்கிறாள் மனைவி. கிளைடரில் தனியாகப் பறக்க இந்த நாட்டில் 14 வயது போதும், மகள் அந்த நாளை எண்ணத் தொடங்கிவிட்டாள். ஒற்றை இருக்கையில் விமானியின் எடைக்குக் குறைந்தபட்ச அளவும் உண்டு என்பதால், கிளப்பின் 1-26-இல் அவளுக்கு எவ்வளவு ஈயம் வைத்துக் கட்ட வேண்டும் என்று மெக்கானிக் இப்போதே கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.