சிஆர்சி எரர்

மார்ச் 4, செவ்வாய்
அம்மாவின் போன வருஷத்து எம்ஆர்ஐ படங்களைச் சுருக்கி வைத்த ஜிப் ஃபைல் திறக்க மாட்டேன் என்கிறது. சிஆர்சி எரராம், அதாவது உள்ளே இருப்பது சரிபார்ப்புக் கணக்கோடு ஒத்துவரவில்லையாம். ரிப்போர்ட் தாள் பத்திரமாக இருக்கிறது, ஆனால் டாக்டருக்குப் படங்களே வேண்டும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். சிடியில் வட்டம் வட்டமாகக் கீறல். எடுத்த இடத்தில் இவ்வளவு நாள் வைத்திருப்பதில்லையாம்.

மார்ச் 5, புதன்
தம்பி போனில், "அக்கா, செக்டிஸ்க் போட்டு விடு, சரியாயிடும்" என்கிறான். போட மாட்டேன். டிரைவின் கணக்கைச் சீராக்குவதுதான் அதன் வேலை, என் ஃபைல் பிழைக்கிறதா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. ஒட்டாத துண்டுகளை ஃபவுண்ட்.000 என்று ஒரு ஃபோல்டரில் கொட்டிவிட்டு, முடிந்தது என்று சொல்லிவிடும். சாகக்கிடக்கும் டிஸ்க் என்றால் அந்த அலைச்சலிலேயே போய்ச் சேரும். முதலில் நகல். எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் போட்டு வைத்தேன்.

அம்மா இன்று ரசஞ்சாதம் சாப்பிட்டாள்.

மார்ச் 6, வியாழன்
டிஸ்க்கில் குறையே இல்லை. டிஸ்க்கின் உடல்நிலை சொல்லும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நீலத்தில் "குட்" காட்டுகிறது. கெட்டுப்போய் மாற்றிப் போட்ட செக்டார் (டிஸ்க்கின் சிறு துண்டு) பூஜ்யம், மாற்றக் காத்திருப்பதும் பூஜ்யம், கேபிள் தகராறு என்றால் ஏறும் சி7 எண்ணும் பூஜ்யம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எரிச்சல்தான் வருகிறது.

மார்ச் 7, வெள்ளி
ஊசி போட்ட நாள். கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

மார்ச் 8, சனி
தூக்கம் வராமல் எஸ்எஃப்சி ஓட்டினேன். அது விண்டோஸின் சொந்த ஃபைல்களை மட்டும்தான் பார்க்கும், அம்மாவின் ஸ்கேன் எக்கேடு கெட்டால் அதற்கென்ன. கெட்டவை இருந்தன, சரிசெய்தாயிற்று என்றது. மறுபடி ஓட்டினால் மறுபடி கெட்டவை, இந்தத் தடவை வேறு பெயர்கள். அங்கேதான் பொறி தட்டியது. விண்டோஸிலேயே இருக்கும் சர்ட்யூடில் வைத்து ஜிப்புக்கு எஸ்எச்ஏ-256 ஹேஷ் எடுத்தேன். ஃபைலின் கைரேகை மாதிரி, ஃபைல் மாறாவிட்டால் அதுவும் மாறாது. 64 எழுத்து. தாளில் குறித்துக்கொண்டு, ரீஸ்டார்ட் செய்து மறுபடி எடுத்தால் ஆதியோடந்தம் வேறு. (ரீஸ்டார்ட் முக்கியம். இல்லாவிட்டால் ஒருமுறை படித்ததை ராம் என்கிற தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டு விண்டோஸ் அதையே நீட்டும்.) யாரும் கை வைக்காத ஃபைல் எப்படி மாறும்? டிஸ்க்குக்கும் எனக்கும் நடுவே இருப்பது ராம். அப்படியென்றால் ஜிப் கெடவே இல்லையோ? நம்பப் பயமாக இருக்கிறது. அப்படியென்றால் புதன்கிழமை நகலும் அதே ராம் வழியாகத்தானே போனது?

"மணி என்னடி ஆச்சு?" என்கிறாள் உள்ளேயிருந்து.

மார்ச் 9, ஞாயிறு
ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐப் பென் டிரைவில் போட்டு பூட் செய்தேன். கொஞ்ச நேரம் சாதுவாக ஓடியது, அப்புறம் சிவப்பாக வரிகள், வரிசையாக. இதில் "லேசான எரர்" என்று எதுவும் கிடையாது, ஒன்று வந்தாலும் விடக்கூடாது. உள்ளே இருப்பது இரண்டு 4 ஜிபி டிடிஆர்3 ராம். கழற்றி, பொன்னிறப் பற்களை அழிப்பானால் தேய்த்து மாட்டினேன். அதே சிவப்பு.

மார்ச் 10, திங்கள்
ஸ்லாட்டை மாற்றினாலும் ஒரு ராம்தான் சிவப்பு காட்டுகிறது. மற்றது ராத்திரி முழுக்க ஓடிச் சுத்தமாக வந்தது. பிடித்துவிட்டேன்!

மார்ச் 11, செவ்வாய்
கெட்டதைக் கழற்றிவிட்டேன். ஜிப் திறந்துகொண்டது. எத்தனை ரீஸ்டார்ட் செய்தாலும் அதே 64 எழுத்து. டிஸ்க்கில் முழுசாகவே இருந்திருக்கிறது, பாவி.

ஆனால் ஜனவரியில் போனிலிருந்து இறக்கிய பொங்கல் படங்களில் சில நிஜமாகவே போய்விட்டன. எழுதும்போதே கெட்டவை, எந்த மென்பொருளும் மீட்காது. போனில் அப்போதே அழித்தாயிற்று. அம்மா கோலம் போடும் படத்தில் அவள் முழங்கை வரை சரியாக இருக்கிறது, அதற்குக் கீழே எல்லாம் ஊதாவாகிப் பக்கவாட்டில் நகர்ந்து கிடக்கிறது. கோலம் இல்லை.

மார்ச் 12, புதன்
ரிச்சி தெரு. "இந்த போர்டுக்கு எதுக்கு மேடம் செலவு?" என்றார் கடைக்காரர். பழைய ராம் ஒன்று வாங்கினேன். அதையும் டெஸ்ட் செய்துதான் மாட்டுவேன்.

மார்ச் 13, வியாழன்
நகலை அழித்துவிட்டுப் புதிதாக எடுத்தேன், இரண்டு பக்கமும் ஹேஷ் ஒப்பிட்டு. பென் டிரைவிலும் போட்டாயிற்று.

வலது கை மரத்துப்போகிறதாம். காலையிலிருந்தே இருக்கிறது, ராத்திரி ஒன்பது மணிக்குச் சொல்கிறாள்.

மார்ச் 14, வெள்ளி
டோக்கன் ஒன்பதரைக்கு. அங்கே பென் டிரைவ் செருக விடமாட்டார்கள் என்கிறான் தம்பி. இப்போதா சொல்வது?