ஏறிய கியரிலேயே இறங்கு

கோத்தகிரிப் பேருந்து நிலையத்துக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு தேநீர்க் கடையில் ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு நாங்கள் ஐந்தாறு பேர் கூடுவது பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் இலையைச் சூட்டில் உலர்த்தும் டிரையர் பார்ப்பவர், கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றி அனுப்புபவர், ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர், குன்னூரிலிருந்து வரும் நான் என எங்களைச் சேர்த்து வைத்தவை வெளியே ஸ்டாண்டு போட்டு நிற்கும் மோட்டார் சைக்கிள்கள்தாம். வெளியூரிலிருந்து வருகிறவர்களும் அவ்வப்போது எங்கள் பெஞ்சில் வந்து அமர்வதுண்டு. யார் வந்தாலும் பேச்சு ஏற்றத்தைப் பற்றியே இருக்கும்: எத்தனை கொண்டை ஊசி வளைவு, எந்த கியரில் இழுத்தது, மஞ்சூர்ச் சாலையின் 43 வளைவுகளை எவ்வளவு நேரத்தில் முடித்தார்கள் என்று. இறங்கி வந்த கதையை யாரும் சொல்வதில்லை. மலையில் வண்டி ஓட்டுவதன் பாதிக்கு மேற்பட்ட வித்தை இறக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

ஏற்றத்தின் சிரமங்கள் உண்மையில் எளியவை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் உள்ள வண்டி, மேட்டுப்பாளையத்தில் சீராக ஓடினாலும், ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியை நெருங்கும்போது திணறும். காற்று அங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால் பெட்ரோல் மிகுந்து பிளக் கறுத்துப்போகும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் ஊசி வழியே எரிபொருள் செலுத்தும் வண்டிகள் இந்தக் கணக்கைத் தாமே போட்டுக்கொள்கின்றன. ஆனாலும் இல்லாத காற்றை எந்தக் கருவியும் கொண்டுவர முடியாது என்பதால் இழுவை குறையத்தான் செய்யும். அதற்கு மேல், இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் உள்விளிம்பை ஒட்டி ஏறினால் அங்கே செங்குத்து மிகுந்து வண்டி நின்றுபோகும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, கொஞ்சம் அகலமாகப் போகக் கற்றுக்கொண்டால் ஏற்றத்தில் பெரிதாக வேறொன்றுமில்லை.

2009-இல் பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் ஒன்றை வாங்கிய புதிதில், ஊட்டிக்கு அருகிலுள்ள தலைகுந்தாவிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினேன். கூடலூர் வழியாகச் சுற்றினால் தூரம் கூடுதல் என்பதால் அந்தக் குறுக்குவழி. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலையில், பெட்ரோலை மிச்சப்படுத்தும் புத்திசாலித்தனத்தோடு, என்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டு போனேன். பாதி வளைவுகளைக் கடப்பதற்குள் முன் பிரேக் பிடி கைப்பிடியைத் தொட்டுவிட்டது. பின் பிரேக்கை மிதித்தால் காலுக்கு அடியில் ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது. அடுத்த வளைவுக்கு முன் மலைப்பக்க ஓடையில் வண்டியைச் சாய்த்ததில் முழங்காலும் ஒரு மட்கார்டும் போயின. பள்ளத்துப் பக்கம் திருப்பவில்லை என்பதைத் தவிர என் திறமையாகச் சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

பின்னால் புல்லட்டில் வந்த கேரட் வியாபாரி ஓடிவந்தபோது, கருகிய ரப்பரையும் சூடான இரும்பையும் ஒன்றாகக் கலந்தது போன்ற வாடை அடித்தது. நான் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து சக்கரத்தின் நடுவிலுள்ள பிரேக் டிரம்மின் மீது ஊற்றப்போனேன். “ஊத்தாதே தம்பி, டிரம் விரிசல் விட்டுடும், ஆறட்டும்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். என் கையிலிருந்து தவறிச் சிந்திய இரண்டு சொட்டுகள் டிரம்மில் பட்டு, தோசைக்கல்லில் தெளித்ததுபோல் உருண்டு மறைந்தன. மறுவாரம் மெக்கானிக் பிரித்துக் காட்டியபோது டிரம்முக்குள் அழுந்திப் பிடிக்கும் பிரேக் ஷூவின் மேற்பரப்பு சூட்டில் பிடிமானம் இழந்து கண்ணாடி போலப் பளபளத்தது.

ஏன் அப்படி ஆயிற்று என்பதைக் கணக்கு ஆசிரியர்தான் பில்லின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார். வண்டியும் நானுமாக 170 கிலோ. முழு இறக்கமும் ஆயிரம் மீட்டர் என்று வைத்துக்கொண்டார். அவ்வளவு எடையும் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ ஐந்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அந்தச் சூட்டையெல்லாம் உள்ளங்கை அகலமுள்ள இரண்டு பிரேக் டிரம்களிடம் ஒப்படைக்கப் பார்த்து நான் ஹாயாக உருண்டிருக்கிறேன். கியரில் வைத்து இறங்கினால் அதில் பெரும்பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும். “ஏறிய கியரிலேயே இறங்கு” என்று மலைச் சாலை ஓட்டுநர்கள் காலங்காலமாகச் சொல்வதன் உள்ளர்த்தம் இவ்வளவுதான். என் ஆர்.எக்ஸ். போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் என்ஜின் பிடிப்பு குறைவு என்பதால் இன்னும் ஒரு கியர் குறைத்து, பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும்.

கல்லட்டியில் வெளியூர் வண்டிகள் இறங்குவதை இப்போது தடுத்திருப்பது பற்றிச் சிலர் எங்கள் பெஞ்சில் சலித்துக்கொள்வார்கள். அந்த ஓடைக்குள் கிடந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தமில்லை. என் வருத்தம் வேறு. குறுகிய சாலையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பது விதியாகவே இருந்தும், வார இறுதிகளில் பலர் ஹாரனை அழுத்திக்கொண்டு, மூச்சுவாங்க ஏறும் லாரியைச் சரிவில் நிறுத்திவிடுகிறார்கள்.

சென்ற மாதம் கோவையிலிருந்து ஒரு தம்பி புது வண்டியில் வந்திருந்தான். டிஸ்க் பிரேக் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று சிரித்தான். டிஸ்க்கும் சூடாகும், பிரேக் எண்ணெய் கொதித்தால் பிடி அப்படியே உள்ளே போகும் என்று டிரையர் பார்ப்பவர் தன் தொழில் அனுபவத்தோடு சூட்டைப் பற்றி நெடுநேரம் பேசினார். தம்பிக்கு எவ்வளவு காதில் விழுந்தது என்று தெரியவில்லை. பனிமூட்டம் விலகியதும் புறப்பட்டுப் போனான். நாங்கள் இரண்டாவது தேநீரையும் வர்க்கியையும் முடித்து, காட்டெருமை நடமாட்டம் பற்றிய பேச்சுக்குப் போய்விட்டோம். அப்போது கைப்பேசி ஒலித்தது.

“அண்ணே, மேட்டுப்பாளையம் வந்துட்டேன். இருபது நிமிஷம் கூட ஆச்சு. ஆனா இந்தத் தடவை கை வலிக்கலை.”