முப்பது மணி நேரத்துக்குள் ஒரு காலைப்பொழுது

ஈரோட்டைத் தலைமையிடமாகக் கொண்டு சரக்கு ரயில் ஓட்டும் லோகோ பைலட் நான். பயணிகள் வண்டி ஓட்டுபவர்களுக்கு ‘லிங்க்’ என்ற அட்டவணை இருப்பதால், அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கே இருப்போம் என்பது அவர்களுக்கு ஓரளவு தெரியும். எங்களுக்கு அது கிடையாது. பணிக்கு வர வேண்டிய நேரத்துக்குச் சுமார் 2 மணி நேரம் முன்னதாக ‘கால்’ வரும், கிளம்ப வேண்டும். “ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வெளியே போகலாம்” என்பதுதான் திருமணமான புதிதில் நான் மனைவியிடம் அதிகம் சொன்ன பொய்.

விதிப்படி எங்களுக்கு மாதத்தில் 30 மணி நேர ஓய்வு 4 முறையோ, 22 மணி நேர ஓய்வு 5 முறையோ கிடைக்க வேண்டும். அப்படிக் கிடைத்த ஓர் ஓய்வு எங்கள் 15-ஆவது திருமண நாளோடு பொருந்தி வந்தபோது, ஊரில் நல்ல உணவகம் ஒன்றுக்கு மனைவியை அழைத்துச் சென்றேன். தொடர்ந்து இரண்டு இரவுகள் வண்டி ஓட்டிவிட்டு அன்று நண்பகலில்தான் ‘சைன் ஆஃப்’ செய்து பணியை முடித்திருந்தேன். கேட்டது மேசைக்கு வருவதற்குள், கையில் தலையை ஊன்றியபடியே தூங்கிவிட்டேன். அவர் எழுப்பவில்லை. தன் பங்கைச் சாப்பிட்டு முடித்து, என்னுடையதைப் பார்சல் கட்டச் சொல்லிவிட்டு, “ஏனுங்க, தூங்கறதுன்னா ஊட்லயே தூங்கியிருக்கலாமுங்களே” என்று மட்டும் சொன்னார். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

கிழமையைப் பார்ப்பதில் பயனில்லை, சைன் ஆஃப் ஆன நேரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது அதற்குப் பிறகே எங்களுக்குப் புரிந்தது. விடியுமுன் வேலை முடிந்தால் பகலெல்லாம் தூங்கி எழுந்து அன்று மாலையே கிளம்பலாம். நண்பகலில் முடிந்தால் அந்த மாலை உறக்கத்துக்கே உரியது, மறுநாள் காலைதான் எங்களுடையது. மனைவி பள்ளி ஆசிரியை என்பதால் 9 மணிக்குள் அவர் பள்ளியில் இருக்க வேண்டும். ஆகவே 5 மணிக்கு எழுந்து, 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பவானி கூடுதுறைக்கு வண்டியில் போவோம். காவிரியும் பவானியும் கலக்குமிடத்தில், கூட்டம் சேர்வதற்கு முன் படியில் உட்கார்ந்துவிட்டு, திரும்பும் வழியில் எங்காவது தேநீர் குடிப்போம். ஆடிப் பெருக்கை ஒட்டிய நாட்களில் மட்டும் அந்தப் பக்கமே போவதில்லை.

இடமும் நேரமும் அமைந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது: பேச ஒன்றுமில்லை. எஞ்சினில் ஒவ்வொரு சிக்னலையும் நானும் உதவி லோகோ பைலட்டும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒருவர் “டபுள் யெல்லோ” என்றால் மற்றவரும் அதையே திருப்பிச் சொல்வார். வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டதும் ஏறக்குறைய அதுவேதான். “ஃபீஸ் கட்டியாச்சா?” “கட்டியாச்சுங்க.” “காஸ் வந்துதா?” “வந்துதுங்க.” முதல் முறை படித்துறையில் உட்கார்ந்தபோது பணக் கணக்கும் உறவினர் பேச்சும் கூடாது என்று தீர்மானித்தோம், அதன்பின் அரைமணி நேரம் இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வழி கண்டது மனைவிதான். பணியிலிருக்கும்போது கைப்பேசியை அணைத்துவிட வேண்டும் என்பதால், சொல்ல நினைப்பதை அவரால் அந்த நேரத்தில் என்னிடம் சொல்ல முடியாது; நான் வீடு திரும்புவதற்குள் அது மறந்துவிடும். தினசரி நாள்காட்டியில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் இரண்டு சொல் குறித்து, சமையலறை ஆணியில் ஒரு கிளிப்பில் மாட்டி வைக்கத் தொடங்கினார். “6பி பையன், செருப்பு” என்றிருக்கும்; கூடுதுறையில் அது அரைமணி நேரக் கதையாகும். நானும் என் பங்குக்குச் சட்டைப் பையில் குறிப்புச் சீட்டு வைத்துக்கொண்டேன். வண்டி நிற்கும் இடங்களில் மட்டும் எழுதுவேன்: லோகூர் அருகே விடியற்பனியில் தண்டவாளத்தைக் கடந்த மயில்கள், ஜோலார்பேட்டையில் நாங்கள் தங்கி ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் உப்பே இல்லாத சாம்பார்.

போன மாதம் கிளம்பவிருந்த காலையில் ஆள் பற்றாக்குறை என்று ஓய்வு முடியுமுன்பே அழைப்பு வந்தது. ஓய்வு நேரம் இன்னும் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. மனைவி ஒன்றும் சொல்லாமல் டிபன் கட்டிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினார். கிளிப்பில் இப்போது பதினோரு தாள்கள் இருக்கின்றன.