நாயுண்ணிப் பற்றையும் மேட்டுக்காணியும்: ஒட்டுசுட்டான் நாட்குறிப்பு

செப்டெம்பர் 22

இடப்பெயர்வுக்குப் பின்னர் உழவு காணாத மேட்டுக்காணியை இன்று வேலி நெடுகச் சுற்றிப் பார்த்தேன். ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்த நாயுண்ணி (லந்தானா) முட்பற்றை, ஓரத்துப் பாலை மரங்களின் கொப்புகளைப் பிடித்து மேலேறி, கீழே புல்லுக்குக்கூட வெளிச்சம் விடாமல் மண்டியிருக்கிறது. முள் இருப்பதெல்லாம் பகையல்ல. சூரையும் காரையும் ஈச்சையும் விடத்தலும் இந்த மண்ணுக்கே உரியவை, அவற்றை நான் தொடப்போவதில்லை. நாயுண்ணியோ அமெரிக்காவின் வெப்ப நாடுகளிலிருந்து பூவுக்காகக் கொண்டுவரப்பட்டு, 1826 அளவில் பேராதனைப் பூங்கா வழியாக இலங்கைக்குள் நுழைந்தது. மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் பிடித்தால் ஒரே நாளில் காணி வெளித்துவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். மேல்மண்ணையும் பாலைக் கன்றுகளையும் சேர்த்து வழித்தெடுக்கும் அந்த வெளிப்பில் எனக்கு விருப்பமில்லை.

செப்டெம்பர் 25

பக்கத்துக் காணி அண்ணை வந்து, "தம்பி, காய்ஞ்சு கிடக்கேக்க கொளுத்தி விடும், ஒரு நெருப்புக்குட்டியோட வேலை முடிஞ்சுது" என்றார். தீயில் இலையும் சுள்ளியும் கருகுமே தவிர, மண்ணுக்குள் இருக்கும் அடிக்கட்டை பிழைத்து, மழை விழுந்ததும் ஒன்றுக்குப் பல தளிர்களை விடும். எரிந்து போவது நிழலுக்கு வளர்ந்துவரும் நாட்டு மரக்கன்றுகள்தான். வன்னியில் இன்னொரு காரணமும் உண்டு. கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட காணி இதுவென்றாலும், போர் நடந்த நிலத்தில் பற்றைக்குள் எது கிடக்கிறதென்று பாராமல் நெருப்பு வைப்பதற்கு எனக்குத் துணிவில்லை. 2017 டிசெம்பரில் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது. ஆயினும் அகற்றும் பணி இன்னும் முடிந்துவிடவில்லை. கூலிக்கு வருவோரிடம் முதலில் சொல்லப்போவதும் இதுதான்: அறியாத இரும்புத் துண்டு எதையும் தொடாமல், அந்த இடத்தை அடையாளமிட்டு விலகி வந்து, பொலிசுக்கும் கிராம சேவகருக்கும் அறிவிக்க வேண்டும்.

ஒக்ரோபர் 3

களைநாசினி பற்றி ஒருவர் கேட்டார். கிளைபோசேற் என்ற களைநாசினியை 2015 இல் நாடு முழுவதும் தடை செய்து, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்திய கதை எல்லோருக்கும் தெரியும். சட்டம் எப்படி மாறினாலும், கிணற்றுக்கு இவ்வளவு அண்மையில் நான் அடிக்க மாட்டேன்.

ஒக்ரோபர் 19

நேற்றிரவு நல்ல மழை. கோடையில் அலவாங்கு போட்டாலும் துள்ளித் தெறிக்கும் இந்தச் செம்மண் இன்று பிக்கானுக்கு இளகிக் கொடுத்தது. இந்த வேலைக்கு மாரியின் தொடக்கமே பொருத்தமான காலம். முதலில் நீளக் கொக்கத்தடியால் கொப்புகளை மரத்திலிருந்து இழுத்து இறக்கி, காட்டுக்கத்தியால் வெட்டி அடியைத் தெரியச் செய்தோம். பின்னர் அடியைச் சுற்றி மண்ணை விலக்கி, தண்டும் வேரும் கூடும் இடத்துக்குக் கீழே, மண்மட்டத்திலிருந்து இரண்டு மூன்று விரற்கடை ஆழத்தில், ஆணிவேரைத் தறித்தோம். தளிர்க்கும் மொட்டுகள் அந்தக் கூடுமிடத்தில்தான் இருப்பதால், அதை மண்ணுக்குள் விட்டு மேலே மட்டும் வெட்டுவது செடியைக் கவாத்துப் பண்ணி விடுவதற்குச் சமம். டெல்லிப் பேராசிரியர் சி. ஆர். பாபு பரப்பிய முறை இது. வேர்களைக் கிளறாமல் ஆணிவேரை மட்டும் அறுப்பதால் மண்ணும் அதிகம் குழம்புவதில்லை. பிடுங்கிய பற்றைகளை வேர் வானத்தைப் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தோம். ஈர மண்ணில் படுத்துக் கிடக்கும் தண்டு மீண்டும் வேர்விடக் கூடியது.

கையுறை இல்லாமல் இறங்கக் கூடாது. வளைந்த சிறுமுட்கள் தோலைக் கிழிப்பதோடு, இலையின் நெடி மாலைவரை கையில் நிற்கிறது.

ஒக்ரோபர் 24

கவிழ்த்த குவியல்களைச் சுற்றிக் கம்பி கட்டினேன். மேய்ச்சல் குறைந்த காலத்தில் மாடுகள் நாயுண்ணி இலையைத் தின்றுவிடுவதுண்டு. அதன் நஞ்சு ஈரலைத் தாக்க, கண் மஞ்சளாகி, வெயில் பட்ட இடத்தில் தோல் வெடித்து உரியும். வெள்ளை நிற மாடுகளில் இது கூடுதலாகத் தெரியும். அத்தகைய மாட்டை நிழலில் கட்டி, மிருக வைத்தியரிடம் உடனே காட்ட வேண்டும்.

நவம்பர் 8

வெளித்த இடத்தில் எதிர்பார்த்தபடியே நாயுண்ணி நாற்றுகள் முளைத்திருக்கின்றன. இவை விரலால் பிடுங்க வருகின்றன. இந்தப் பருவத்தைத் தவறவிட்டால் மறுபடி பிக்கான்தான். அவற்றின் நடுவே பாத்தீனியம் என்ற இன்னொரு வந்தேறிக் களையும் தலைகாட்டுகிறது. 1987 இல் இந்திய அமைதிப்படை கொண்டுவந்த ஆடுகளோடு அது வந்ததென்று ஊரில் சொல்வார்கள். எப்படி வந்ததாயினும், வெறுமண்ணைக் கண்டால் அதற்குக் கொண்டாட்டம் என்பதால், பூக்குமுன்னே பிடுங்கி, காலபோகத்துக்கு (மாரிப் பயிர்ப் பருவம்) ஒரு பக்கம் கௌப்பியும் (தட்டைப்பயறு) மறுபக்கம் கச்சானும் (நிலக்கடலை) போட்டுவிட்டேன். கௌப்பி விரைவாகப் படர்ந்து நிலத்தை மூடுகிறது.

டிசெம்பர் 14

கௌப்பிக்குள் புதிய நாற்று குறைவு. பாலை மரங்களின் கீழே மட்டும் ஓயாமல் முளைக்கிறது. கரும்பழத்தைத் தின்ற மைனாக்களும் கொண்டைக்குருவிகளும் அங்கே இருந்து எச்சமிடுவதால் அது தொடரும். மரங்களை வெட்டும் பேச்சுக்கே இடமில்லை, ஆகவே ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அந்த நிழல்களைச் சுற்றி ஒருதரம் குனிந்து வர வேண்டும். பாறை நெருக்கிய இரண்டு இடங்களில் ஆணிவேரை மேலாகத் தறித்திருந்தவை தளிர்விட்டிருந்தன. அலவாங்கால் கிளப்பி எடுத்தாயிற்று. தைக்குப் பின் மண் இறுகுமுன் கிழக்கு எல்லையை முடிக்க எண்ணியுள்ளேன். அந்த வேலிக்கு அப்பால் அண்ணையின் பற்றை பழுத்துக் கிடப்பதால், எல்லையோரத்தை இருவரும் ஒரே நாளில் செய்வோமா என்று கேட்டிருக்கிறேன். தைப்பொங்கல் கழியட்டும் என்றார்.